பாலம் விழுந்த நாடும் வீடுகள் பூட்டிக்கிடந்த நாடும்

ஜெர்மனி மிச்சம் பிடித்தது; ஸ்பெயின் கட்டிக் குவித்தது. ஒன்றன் உபரிதான் இன்னொன்றின் கடனாக மாறியது. இரு நாடுகளின் முப்பது ஆண்டு முதலீட்டுக் கணக்கு.

2024 செப்டம்பர் 11, விடியற்காலை மூன்று மணி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் உறங்கிக்கொண்டிருக்கிறது. எல்பே ஆற்றின் மேலே கரோலா பாலத்தைச் சற்றுமுன்தான் ஒரு டிராம் கடந்து போயிருக்கிறது. சில நிமிடங்களில், அது போன அதே தடம் ஏறக்குறைய 100 மீட்டர் நீளத்துக்கு முறிந்து ஆற்றுக்குள் இறங்குகிறது. நகர வீடுகளுக்கு வெப்பம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தப் பாலத்தோடு ஓடின. அவையும் உடைந்து கொதிநீர் பீறிடுகிறது. ஒருவருக்கும் காயமில்லை. காலை எட்டு மணிக்கு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே அந்த நகரம் அஞ்சியது.

பாலத்துக்கு வயது 53. மூன்று தனித்தனித் தடங்களாகக் கட்டியிருந்தார்கள். இரண்டைப் பழுதுபார்த்து முடித்தாகிவிட்டது. டிராம் ஓடிய மூன்றாவது தடத்துக்கு 2025ல் முறை வர இருந்தது. அதற்குள் அது போய்விட்டது. கான்கிரீட்டுக்குள் இருந்த இழுவிசைக் கம்பிகள் கட்டுமானக் காலத்திலேயே அரிப்புக்கு ஆளாகி, பல ஆண்டுகளாக உள்ளுக்குள் விரிசல் விட்டு வந்தன என்று பிறகு நடந்த ஆய்வு சொன்னது. வழக்கமான சோதனையில் எளிதில் பிடிபடாத விரிசல் அது. ஆகவே இந்த ஒரு விபத்துக்குச் சிக்கனத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆனால் 1960களிலும் 70களிலும் எழுந்த ஆயிரக்கணக்கான பாலங்கள் ஒரே சமயத்தில் முதுமையடைந்துவிட்டன, அவற்றுக்கு மாற்றாக எதுவும் கட்டி வைக்கப்படவில்லை என்பதை அன்று காலை ஒவ்வொரு ஜெர்மானியரும் உணர்ந்தார்.

இனி ஐரோப்பாவின் இன்னொரு மூலைக்குப் போவோம். ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்குத் தெற்கே சியுதாத் ரேயால். அங்கே நான்கு கிலோமீட்டர் நீள ஓடுதளத்தோடு ஒரு விமான நிலையம் 2008ல் திறக்கப்பட்டது. செலவு 100 கோடி யூரோவுக்கு மேல். பயணிகள் வரவில்லை. 2012ல் மூடிவிட்டார்கள். 2015ல் நீதிமன்றம் ஏலத்துக்கு விட்டபோது, ஒரு சீன முதலீட்டுக் குழு 10,000 யூரோவுக்குக் கேட்டது. ஒரு நல்ல கார்கூட அந்த விலைக்குக் கிடைக்காது. அந்த ஏலக் கேள்வி ஏற்கப்படவில்லை, பின்னர் 5.6 கோடி யூரோவுக்குக் கைமாறியது.

ஒரு நாட்டில் தேவையான பாலம் காக்கப்படவில்லை. இன்னொரு நாட்டில் தேவையில்லாத விமான நிலையம் கட்டப்பட்டது. இவற்றை இரண்டு தனிக் கதைகளாகச் சொல்வதுதான் ஐரோப்பிய வழக்கம். உழைப்பாளி வடக்கு, ஊதாரித் தெற்கு என்று அதற்கு ஒரு பாடமும் வைத்திருந்தார்கள். முதலீட்டுக் கணக்கை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அந்தப் பாடம் நிற்கவில்லை. ஜெர்மனி தன் நாட்டில் போடாமல் விட்ட பணத்தின் ஒரு பகுதிதான் ஸ்பெயினின் செங்கல்லாக மாறியது.

பெட்டிச் செய்தி: எதை எண்ணுகிறார்கள்?

நிலை மூலதன முதலீடு என்பது ஒரு நாடு ஓராண்டில் நீடித்து உழைக்கும் சொத்துகளுக்காகச் செய்யும் செலவு. வீடு, தொழிற்சாலை, சாலை, ரயில்பாதை, இயந்திரம், லாரி எல்லாம் அதில் அடங்கும். 2014 முதல் ஐரோப்பியக் கணக்கில் ஆராய்ச்சிச் செலவும் சேர்கிறது. மென்பொருளுக்கும் இடம் உண்டு. நிலம் வாங்குவதும் பங்கு வாங்குவதும் இதில் வராது. அங்கே ஏற்கெனவே இருக்கும் சொத்து கைமாறுகிறது, அவ்வளவுதான். இந்தத் தொகையை நாட்டின் ஜிடிபியோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்வார்கள். இதிலிருந்து தேய்மானத்தைக் கழித்தால் கிடைப்பது நிகர முதலீடு. தலைப்புச் செய்தியில் வருவது பெரும்பாலும் மொத்த முதலீடு. நாட்டின் உண்மை நிலையைக் காட்டுவது நிகர முதலீடு.

கோடுகள் குறுக்கிட்ட காலம்

1990ல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. கிழக்கே சாலை, ரயில், தொலைபேசி, வீடு எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. 1991ல் ஜெர்மனியின் முதலீடு ஜிடிபியில் 25 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வரிச் சலுகைக்காகக் கட்டிய கிழக்கு வீடுகள் காலியாக நின்றன. ஆட்கள் மேற்கே போய்விட்டார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடக்க, 2002ல் அரசே காசு கொடுத்து அடுக்குமாடிகளை இடிக்கும் திட்டம் தொடங்கியது. ஸ்பெயினைப் பார்த்துப் பின்னாளில் விரல் நீட்டிய நாடு, அதே தவறைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தன் கிழக்கில் செய்து பார்த்திருந்தது. கட்டுமானத் தொழில் பத்து ஆண்டுகள் படுத்துவிட்டது. 2005 வாக்கில் முதலீடு 19 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை அந்த ஆண்டு தொடக்கத்தில் 50 லட்சத்தைத் தாண்டியது.

ஸ்பெயினின் பாதை நேர் எதிர். 1986ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. 1992ல் பார்சலோனா ஒலிம்பிக், செவில்லேயில் உலகப் பொருட்காட்சி, மாட்ரிட்டிலிருந்து செவில்லேவுக்கு முதல் அதிவேக ரயில். பிரசல்ஸிலிருந்து வந்த வளர்ச்சி நிதி நெடுஞ்சாலைகளாக மாறியது. 1990களின் நடுவில் 22 சதவீதத்தை ஒட்டியிருந்த முதலீடு 2007ல் 30ஐத் தொட்டது. அதே ஆண்டு ஜெர்மனி 20ஐச் சுற்றி நின்றது.

அன்றைய பொருளாதார அறிக்கைகளில் ஸ்பெயின் ஒரு நட்சத்திரம். முதலீடு அதிகம், வளர்ச்சி அதிகம், அரசுக் கடனோ ஜிடிபியில் 36 சதவீதம்தான். ஜெர்மனிக்கு அது 64. ஸ்பெயின் அரசின் பட்ஜெட்டில் உபரி இருந்தது. ஐரோப்பிய நிதி விதிகளின்படி பார்த்தால் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவன். நோய் அரசின் ஏட்டில் இல்லை. சேமிப்பு வங்கிகளின் ஏட்டில் இருந்தது. அங்கே யாரும் பார்க்கவில்லை.

ஒரே வட்டி, இரண்டு ஊர்

யூரோ வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஸ்பெயினில் வீட்டுக் கடன் வட்டி பத்து சதவீதத்துக்கு மேல். யூரோ வந்தபின் வட்டியை நிர்ணயித்தது பிராங்க்பர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி. 2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை அது 2 சதவீதம். மந்தத்தில் கிடந்த ஜெர்மனிக்கு அது பொருந்தியது. விலைவாசி 3 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த ஸ்பெயினில் அதன் பொருள் வேறு: கடன் வாங்கியவருக்கே லாபம்.

ஜெர்மனியில் கூலி உயரவில்லை. ஏற்றுமதி பெருகியது. நிறுவனங்கள் சம்பாதித்ததை உள்நாட்டில் முழுதும் முதலீடு செய்யாமல் சேர்த்து வைத்தன. அரசும் கையை இறுக்கியது. 2007ல் ஜெர்மனியின் நடப்புக் கணக்கு உபரி ஜிடிபியில் 7 சதவீதத்தை நெருங்கியது. ஸ்பெயினின் பற்றாக்குறை 10ஐ நெருங்கியது. சேர்த்த பணம் எங்காவது போயாக வேண்டுமல்லவா? ஸ்பானிய வங்கிகள் வீட்டு அடமானத்தின் பேரில் வெளியிட்ட கடன் பத்திரங்களை வெளிநாட்டவர் வாங்கினார்கள். அவர்களில் ஜெர்மன் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் முன்வரிசையில் நின்றன. மேற்கு ஜெர்மனியின் லூடன்ஷைட் ஊரில் ஒரு தொழிலாளி வங்கியில் போட்ட சேமிப்பு, இப்படிப் பல கை மாறி, மத்தியதரைக் கடலோரத்தில் ஓர் அடுக்குமாடியாக எழுவதற்கு வழி இருந்தது. அவர் ஊர்ப் பாலத்துக்கு வர வழி இல்லை.

8 லட்சம் வீடுகள்

2006ஆம் ஆண்டில் மட்டும் ஸ்பெயினில் 8 லட்சத்து 65 ஆயிரம் புதிய வீடுகளுக்குக் கட்டட அனுமதி தரப்பட்டது. மக்கள்தொகை நாலரைக் கோடிக்கும் கீழே. எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஜெர்மனியில் அந்த ஆண்டு அனுமதி இரண்டரை லட்சத்தைச் சுற்றித்தான்.

ஊருக்கு ஊர் கிரேன் நின்றது. ஈக்குவடோரிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் கொத்தனார்களும் சித்தாள்களும் வந்தார்கள். 2007ல் கட்டுமானத்தில் 27 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். பதினாறு வயதுப் பையனுக்குப் பள்ளியைவிடக் கட்டடத்தில் கூலி நல்ல கூலி. 18 முதல் 24 வயதுவரை உள்ளவர்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினர் மேல்நிலைக் கல்வியை முடிக்காமல் வெளியேறியவர்கள். ஜிடிபி வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இந்த எண்ணை யாரும் முதலீட்டுக் கணக்கோடு சேர்த்துப் படிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தப் பத்து ஆண்டுகளின் மிகப் பெரிய இழப்பு அதுதான். காலியான வீட்டில் பின்னால் ஆள் குடியேறிவிடலாம். முப்பது வயதில் கரணையைக் கீழே வைத்தவருக்குப் பள்ளிக்கூடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

2008ல் கிரேன்கள் நின்றன. 2013ல் புதிய வீட்டு அனுமதி 34 ஆயிரம். கட்டுமானத் தொழிலாளர்கள் 2014 தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கும் கீழே. வேலையின்மை 2013ல் 27 சதவீதத்தை எட்டியது. இளைஞர்களில் பாதிக்கு மேல் வேலையின்றி நின்றார்கள்.

கடன் கட்ட முடியாதவர்கள் வீட்டைப் பறிகொடுத்தார்கள். ஸ்பானிய அடமானச் சட்டத்தில் ஒரு கொடுமை உண்டு. வங்கி வீட்டை எடுத்துக்கொண்டாலும் கடன் தீர்ந்துவிடாது. வீடு குறைந்த விலைக்குப் போனால் மீதியை வெறுங்கையோடு நிற்கும் குடும்பம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை எதிர்த்து 2009ல் பார்சலோனாவில் ஒரு மக்கள் இயக்கம் எழுந்தது. ஜப்தி செய்ய வரும் அதிகாரிகளை வாசலில் மறித்து உட்கார்ந்தார்கள். அதன் முகமாக இருந்த அடா கொலாவ் 2015ல் அதே நகரின் மேயரானார்.

வங்கிகளுக்கு மட்டும் கை கொடுக்க ஆள் இருந்தது. 2012ல் பாங்கியா வங்கி அரசுடைமையானது. ஐரோப்பா 10,000 கோடி யூரோ வரை தர முன்வந்தது. 4,100 கோடி யூரோவுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். தனியார் கடன் அரசுக் கடனாக உருமாறியது. 36 சதவீதம் என்று பாராட்டு வாங்கிய அந்த எண் சில ஆண்டுகளில் 100ஐ எட்டியது.

கட்டியதெல்லாம் வீண் என்று சொல்லிவிடக் கூடாது. மாட்ரிட் பார்சலோனா அதிவேக ரயில் 2008ல் வந்தது. 621 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடக்கிறது. ஸ்பெயினின் அதிவேக ரயில்பாதை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். ஐரோப்பாவில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. சில பாதைகளில் ஆள் சேரவில்லை. தொலேதோவிலிருந்து அல்பசேதேவுக்கு நேராகப் போன சேவையைப் பயணிகள் இல்லாமல் 2011ல் நிறுத்தினார்கள். ஆனால் 2021 முதல் போட்டி நிறுவனங்களை அதே தண்டவாளத்தில் அனுமதித்ததும் கட்டணம் குறைந்தது, கூட்டம் பெருகியது. அந்தக் காலத்தில் தொடங்கிய காற்றாலைகளும் பின்னால் சேர்ந்த சூரியத் தகடுகளும் இன்று நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் தருகின்றன. சேசேன்யா என்ற ஊரில் பேய் நகரம் என்று உலகப் பத்திரிகைகள் படம் போட்ட அடுக்குமாடிகளில்கூட இப்போது குடும்பங்கள் வாழ்கின்றன.

பெட்டிச் செய்தி: எண்களில் இரு நாடுகள்

முதலீடு, ஜிடிபியில் தோராயச் சதவீதம்
1990களின் நடுவில்: ஜெர்மனி 23, ஸ்பெயின் 22
2007: ஜெர்மனி 20, ஸ்பெயின் 30
2013: ஜெர்மனி 20, ஸ்பெயின் 18
2024: இரண்டும் 20ஐ ஒட்டி

ஸ்பெயினில் அரசு மட்டும் செய்த முதலீடு: 2009ல் ஜிடிபியில் 5 சதவீதம், 2016ல் 2 சதவீதம்
புதிய வீட்டு அனுமதி, ஸ்பெயின்: 2006ல் 8.65 லட்சம், 2013ல் 34 ஆயிரம்

கறுப்புப் பூஜ்யம்

2009ல் ஜெர்மனி தன் அரசியல் சாசனத்தில் கடனுக்குக் கடிவாளம் போட்டது. மைய அரசு சாதாரண ஆண்டுகளில் ஜிடிபியில் 0.35 சதவீதத்துக்கு மேல் புதுக் கடன் வாங்கக் கூடாது. மாநிலங்கள் 2020 முதல் அறவே கூடாது என்பது அன்றைய விதி. நிதியமைச்சர் வோல்ஃப்காங் ஷொய்ப்ளே இன்னும் ஒரு படி மேலே போய் 2014 முதல் புதுக் கடனே இல்லாத பட்ஜெட் போட்டார். கறுப்புப் பூஜ்யம் என்று அதற்குப் பெயர். 2017ல் அவர் பதவி விலகியபோது அமைச்சக ஊழியர்கள் கறுப்பு உடையில் முற்றத்தில் ஒரு பெரிய பூஜ்ய வடிவில் நின்று வழியனுப்பினார்கள்.

அடுத்த தலைமுறையின் தலையில் கடன் சுமத்தக் கூடாது என்பது கடிவாளத்தை ஆதரித்தவர்களின் வாதம். முதியோர் பெருகும் நாட்டில் அது நேர்மையான கவலை. ஆனால் அந்த ஆண்டுகளில் வட்டி எவ்வளவு தெரியுமா? 2019 ஆகஸ்டில் ஜெர்மனி 30 ஆண்டுக் கடன் பத்திரத்தைப் பூஜ்ய வட்டியில் விற்றது. வாங்கியவர்கள் திரும்பக் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். கடன் கொடுப்பதற்கு உலகம் காசு கட்டத் தயாராக இருந்தது, பாலங்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, அரசு வாங்க மறுத்தது. பேரப்பிள்ளைகளுக்குக் கடன் இல்லாத ஏடு போகும், அதோடு உடைந்த பள்ளிக் கூரையும் போகும் என்பதைக் கணக்கில் யாரும் எழுதவில்லை.

இங்கேதான் நிகர முதலீடு என்ற அந்த எண் முக்கியமாகிறது. கிணற்றில் ஊறுவதைவிட இறைப்பது அதிகமானால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஜெர்மன் நகராட்சிகளின் நிலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் அதுதான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போட்டதைவிடத் தேய்ந்தது அதிகம். மொத்த முதலீடு 20 சதவீதம் என்று வெளியில் திடமாகத் தெரிந்த அதே காலத்தில் ஊர்ச் சொத்து கரைந்துகொண்டிருந்தது.

லூடன்ஷைட்டின் கதை

மேற்கு ஜெர்மனியின் சாவர்லாந்து மலைப்பகுதி. உலோகப் பாகங்கள் செய்யும் சிறு நிறுவனங்கள் நிறைந்த வட்டாரம். அதன் முதுகெலும்பு ஏ45 நெடுஞ்சாலை. லூடன்ஷைட் ஊரருகே 1960களில் கட்டிய ராமெடெ பாலத்தில் ஒரு பள்ளத்தாக்கைக் கடக்கும். 2021 டிசம்பர் 2 அன்று பாலம் இனித் தாங்காது என்று இரவோடிரவாக மூடினார்கள். பழுதுபார்க்க வழியில்லை. 2023 மே 7 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

நடுவே நெடுஞ்சாலையின் லாரிகளெல்லாம் லூடன்ஷைட் ஊருக்குள் இறங்கின. மாற்றுப் பாதையில் வீடு வைத்திருந்தவர்கள் ஜன்னலைத் திறக்க முடியாமல் வாழ்ந்தார்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் தினமும் நெரிசலில் நிற்க வேண்டியிருந்தது. சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் வாடிக்கையாளர் வேறு இடம் பார்ப்பார். ஒரு பாலத்தின் பராமரிப்பைத் தள்ளிப்போட்டதில் மிச்சமான தொகை அரசு ஏட்டில் இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் இழந்த நேரமும் தூக்கமும் தொழிலும் எந்த ஏட்டிலும் இல்லை.

பெருஞ்சாலைகளில் மட்டும் இப்படி 4,000 பாலங்களைப் பத்து ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டும் என்று அரசே அறிவித்தது. வேலை அந்த வேகத்தில் போகவில்லை என்று மத்தியத் தணிக்கை அமைப்பு எச்சரித்தது. ரயிலின் நிலை இன்னும் மோசம். 2024ல் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை நேரம் என்றே எண்ணும் கணக்கில். தாமதமாக வரும் ஜெர்மன் ரயில்களைத் தன் கால அட்டவணை கெடாமலிருக்க சுவிட்சர்லாந்து எல்லை நகரமான பாசலிலேயே நிறுத்தி, பயணிகளை வேறு ரயிலுக்கு மாற்றுகிறது.

2019ல் ஓர் அபூர்வம் நடந்தது. தொழிற்சங்கங்களின் ஆய்வு நிறுவனமும் முதலாளிகளின் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஒரே அறிக்கை கொடுத்தன. பத்து ஆண்டுகளில் அரசு கூடுதலாக 45,000 கோடி யூரோ முதலீடு செய்ய வேண்டும் என்றன. அரசு கேட்கவில்லை. 2024ல் மீண்டும் கணக்குப் போட்டபோது அது 60,000 கோடி. நகராட்சிகளின் நிலுவை வேலைகள் மட்டும் 21,570 கோடி யூரோ என்று அரசு வளர்ச்சி வங்கியின் 2025 ஆய்வு சொன்னது. அதில் பெரிய பங்கு பள்ளிக்கூடங்களுக்கு.

ஸ்பெயினுக்குப் போன கடிவாளம்

இந்த இரு நாட்டுக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் 2011. ஸ்பெயின் கடன் சந்தையில் தத்தளித்தது. பிரதமர் சபாதேரோவும் எதிர்க்கட்சித் தலைவர் ரஹோயும் கைகோத்து, அரசியல் சாசனத்தின் 135ஆம் பிரிவைச் சில வாரங்களில் மாற்றினார்கள். மக்கள் வாக்கெடுப்பு இல்லை. கடனைத் திருப்பிச் செலுத்துவதே எல்லாச் செலவுகளுக்கும் முந்தியது என்று சாசனத்தில் எழுதினார்கள். ஜெர்மனியின் கடிவாளத்தைப் பார்த்துச் செய்தது.

ஸ்பெயின் அரசு அதிகம் கடன் வாங்கி அழியவில்லை. தனியார் கடன் அதை அழித்தது. ஆனாலும் மருந்து அரசுக்குத்தான் கொடுக்கப்பட்டது. அரசு முதலீடு பாதிக்குமேல் சரிந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஸ்பெயினிலும் பொதுச் சொத்து தேய்ந்த அளவுக்குக்கூடப் புதுப்பிக்கப்படவில்லை. கட்டிக் குவித்த நாடும் கட்டாத நாடும் ஒரே குழிக்கு வந்து சேர்ந்தன.

அதன் விளைவை வலென்சியாவில் பார்த்தார்கள். 2024 அக்டோபர் 29 அன்று ஓராண்டு மழை சில மணி நேரத்தில் சில இடங்களில் கொட்டியது. போயோ என்ற காட்டாறு கரை புரண்டு பைபோர்த்தா, கதரோஹா முதலிய ஊர்களை மூழ்கடித்தது. 220 பேருக்கு மேல் இறந்தார்கள். கைப்பேசி எச்சரிக்கை இரவு எட்டு மணிக்கு மேல்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்காக ஆட்சியாளர்கள் மீது மக்கள் கொண்ட கோபம் நியாயமானது. அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காட்டாற்றைச் சீரமைக்கும் திட்டம் ஆண்டுக்கணக்கில் தாளில் இருந்தது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியும் வேலை தொடங்காமல், அனுமதியே காலாவதியானது. அதிவேக ரயிலும் விமான நிலையமும் திறக்க அமைச்சர்கள் வருவார்கள். காட்டாற்றுக் கரையை உயர்த்தினால் ரிப்பன் வெட்ட யார் வருவார்கள்?

பெட்டிச் செய்தி: தபால்தலையில் வாங்கிய வரி

1957 அக்டோபரில் தூரியா ஆறு வலென்சியா நகருக்குள் புகுந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பிவிட முடிவு செய்தார்கள். பல ஆண்டுகள் வேலை நடந்தது. செலவில் ஒரு பகுதிக்காக வலென்சியாவிலிருந்து அனுப்பும் கடிதங்களில் 25 சென்டிமோ கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 1963 முதல் 1985 வரை மக்கள் ஒட்டினார்கள். பழைய ஆற்றுப்படுகை இன்று நீண்ட பூங்கா. 2024 வெள்ளத்தில் புதிய கால்வாய் நிரம்பி ஓடியது. நகர மையம் தப்பியது. அதற்குத் தெற்கே இருந்த ஊர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

பணம் வந்தபின்

2023 நவம்பரில் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், கொரோனாவுக்காக அனுமதித்த 6,000 கோடி யூரோ கடனைப் பருவநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்றது. அடுத்த ஆண்டு கூட்டணி ஆட்சி இந்தக் கடிவாளச் சண்டையிலேயே கவிழ்ந்தது. 2025 மார்ச்சில், கடிவாளத்தைக் காப்பேன் என்று தேர்தலில் நின்ற, பின்னர் சான்சலரான பிரீட்ரிக் மெர்ட்ஸே மற்ற கட்சிகளோடு சேர்ந்து சாசனத்தைத் திருத்தி, 12 ஆண்டுகளுக்கு 50,000 கோடி யூரோ கட்டமைப்பு நிதிக்கு வழி செய்தார். வட்டி பூஜ்யமாக இருந்தபோது வேண்டாம் என்றதை இப்போது இரண்டரை சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்து வாங்குகிறார்கள். இதில் பணம் எவ்வளவு புதிய வேலைக்குப் போகிறது, எவ்வளவு ஏற்கெனவே பட்ஜெட்டில் இருந்த செலவுக்கு மாற்றாகப் போகிறது என்று பொருளாதார நிபுணர்கள் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது.

ஸ்பெயினுக்கு ஐரோப்பிய மீட்பு நிதியில் 16,000 கோடி யூரோ வரை ஒதுக்கப்பட்டது. 2026 ஆகஸ்டுக்குள் இலக்குகளை முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஜெர்மனிப் பொருளாதாரம் சுருங்கியது. ஸ்பெயின் 2024ல் 3 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ஆனால் 2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஏறக்குறைய நாடு முழுதும் மின்சாரம் அறுந்தபோது, உற்பத்திக்குப் போட்ட அளவுக்கு மின்வலையின் சமநிலைக்குச் செலவிட்டோமா என்ற கேள்வி எழுந்தது. வீடு காலியாகக் கிடந்த நாட்டில் இப்போது வீடு கிடைக்கவில்லை. 2025க்குள் 6 லட்சம் வீடுகள் பற்றாக்குறை வரும் என்று அந்நாட்டு மத்திய வங்கியே கணித்தது. வாடகை உயர்வை எதிர்த்து மாட்ரிட்டிலும் பார்சலோனாவிலும் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள்.

இரு அரசுகளும் இன்று சந்திக்கும் தடை, காசைவிட ஆள். ஜெர்மன் நகராட்சிகள் சிக்கன ஆண்டுகளில் பொறியாளர் பணியிடங்களைக் குறைத்தன. திட்டம் வரையவும் ஒப்பந்தம் கோரவும் ஆள் போதவில்லை. பெர்லின் விமான நிலையம் ஒன்பது ஆண்டு தாமதமாக 2020ல் திறந்ததற்குக் காசு காரணமில்லை. திட்டமிடலும் மேற்பார்வையும் தவறியதுதான் காரணம். ஸ்பெயினில் 2008க்குப் பின் வேலையிழந்த பதினேழு லட்சம் கட்டுமானத் தொழிலாளர்களில் பலர் ஊர் திரும்பினார்கள், பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள்; திரும்பி வரவில்லை. 2011 பிப்ரவரியில் மாட்ரிட் வந்த அன்றைய ஜெர்மன் சான்சலர் அங்கெலா மெர்க்கெல், படித்த ஸ்பானிய இளைஞர்களுக்கு ஜெர்மனியில் வேலை இருக்கிறது என்றார். பொறியாளர்களும் செவிலியர்களும் பெட்டியைக் கட்டினார்கள். அன்று இருபத்தைந்து வயதில் போனவர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். பாலம் கட்ட ஜெர்மனிக்கும் வீடு கட்ட ஸ்பெயினுக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுவது அவர்களைப் போன்றவர்கள்தான். அவர்களில் யாரை எந்த நாடு வைத்துக்கொள்ளும் என்பதைப் பொறுத்திருக்கிறது அடுத்த பத்து ஆண்டுகளின் முதலீட்டுக் கணக்கு.